அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் புத்தகம்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னிடம் வாழ்த்துரை கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு புகைப்படமும் அனுப்பியிருக்கிறீர்கள். போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசையாக நிற்கிறீர்கள். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லார் முகத்திலும் சிரிப்பு. உங்களுக்குப் பின்னால் கிளை நூலகத்தின் முன்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ். அதில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் அலமாரி ஓரமாக நின்று புத்தகம் படிக்கிறார். மேலே 'தேடு, படி, உயர்' என்று போட்டிருக்கிறது.

வாழ்த்துரை எழுத மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு கோபம் இந்த வயதில் ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஆகும். வாழ்த்துக்குப் பதிலாக, நான் சங்கச் செயலாளராக இருந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுதுகிறேன். சங்கத்தின் ஆண்டு மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் படியுங்கள்.

அந்தப் பெண் யாரென்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? இன்டர்நெட்டில் எடுத்த படம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவர் பெயர் மல்லிகா. கறம்பக்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் சவுதியில் டிரைவர். மாமியார், இவர், ஒரே மகள் யாழினி, நாலு ஆடு. நீங்கள் நிற்கிறீர்களே, அதே கிளை நூலகத்துக்குள் எடுத்த படம் அது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம்முடையது சம்பளம் கேட்கிற சங்கம் இல்லை. அதற்கு வேறு சங்கங்கள் இருக்கின்றன. பள்ளி, கல்லூரி, பொது நூலகம் என்று இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் நூலகர்கள் சேர்ந்து, வாசகருக்கு நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதற்காக மட்டும் ஆரம்பித்த சங்கம் இது. எப்படித் தேடுவது, எதை நம்புவது. இந்த இரண்டும்தான் நம் வேலை. நான் பொறுப்பேற்ற வருஷத்தில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை வசதியாக மறந்துவிட்டிருந்தோம்.

அப்போது தலைவராக இருந்தவர் ஒரு கல்லூரி நூலகர். நன்றாகப் பேசுவார். கஞ்சி போட்ட சட்டை கலையாது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் போட்டோகிராபர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்வார். ஊர்தோறும் நூலக வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. வகுப்பு முடிந்ததும் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டால்தான் நடந்ததாகக் கணக்கு என்பது அவர் சேர்த்தது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் வகுப்பு நடந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசகர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 'நூலகத்தைப் பயன்படுத்துவோம்' என்று எழுதிய பெரிய பேனரை எங்கே கட்டியிருந்தார்கள் தெரியுமா? புத்தக அலமாரிகளின் மேல். ஆறடி உயரத்துக்கு அலமாரியை முழுசாக மூடியிருந்தது. ஒரு பாட்டையா எழுந்து பேனரைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் துழாவினார். "பெரியவரே, போட்டோ முடியட்டும்ங்க, அப்பறமா எடுத்துக்கங்க" என்று ஒரு உறுப்பினர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பெரியவர் வகுப்பு முடியும்வரை இருக்கவில்லை, போய்விட்டார். நான் பேனரை அவிழ்த்துப் போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த மனஸ்தாபம் தலைவருக்கும் எனக்கும்.

நீங்கள் படத்தில் நிற்கிற கிளையில் அப்போது ரேவதி நூலகராக இருந்தாள். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண். ஒல்லியாக, சத்தமில்லாமல் இருப்பாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து என்ன புத்தகம் கேட்டாலும் விரலை நீட்டி அலமாரியைக் காட்ட மாட்டாள். எழுந்து வந்து "யாருக்குங்க?" என்று கேட்பாள். ஒருவர் வந்து "சட்டப் புத்தகம் இருக்காம்மா?" என்பார். "யாருக்குண்ணே, என்ன விசயமா?" என்பாள். அவர் மென்று முழுங்கிவிட்டுச் சொல்வார். கடைசியில் பார்த்தால் வேலித் தகராறுக்கு எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது என்பதுதான் அவருக்கு வேண்டியது. வாசகர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, மனசுக்குள் வைத்திருப்பது ஒன்று. நம் தொழிலில் இதைத் தெரிந்துகொள்ளப் பல பேருக்குப் பாதி சர்வீஸ் போய்விடும். அவளுக்கு வரும்போதே தெரிந்திருந்தது.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

மாவட்டத்தில் செல்வாக்குள்ள ஒரு மனிதர் வீட்டு வைத்தியம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் டாக்டர் இல்லை, சித்த வைத்தியரும் இல்லை. அரிசி மில் வைத்திருந்தார். தானே எழுதித் தானே அச்சடித்த புத்தகம். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, தங்க எழுத்து, கடைசியில் எந்த நோய் எந்தப் பக்கம் என்று அகரவரிசையில் ஒரு சொல்லடைவு. எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பிரதி நன்கொடை தருகிறேன் என்றார். நம் சங்கம் விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி வாங்கிக்கொண்டது. வாங்கி அடுக்கியவர்களில் ஒருவர்கூட அதைப் பிரித்துப் படிக்கவில்லை. படிக்காமலேயே வழக்கமாகச் செய்வதை ஒழுங்காகச் செய்தார்கள். முத்திரை குத்தினார்கள், முதுகில் சீட்டு ஒட்டினார்கள், அதில் நோய்களுக்கான எண்ணை எழுதினார்கள். அறுநூற்றுப் பதினாறு. உண்மையான மருத்துவர்கள் எழுதிய புத்தகங்களின் பக்கத்தில் அதுவும் போய் உட்கார்ந்துகொண்டது. நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒரு மளிகைக் கடைக்காரர்கூட மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே ஏற்ற மாட்டார்.

ரேவதியின் கிளையில் வகுப்பு நடந்த நாளில் நான் அங்கே இல்லை. ஆவூரில் இன்னொரு வகுப்பு இருந்தது. ஆனால் நடந்தது முழுவதையும் வீடியோவில் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தலைவர் வீடியோ எடுத்துக் குழுவில் போடச் சொல்லியிருந்தார். பள்ளியில் சொல்லிவிட்டதால் அம்மாக்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். "போன்ல வர்ற தகவலை நம்பாதீங்க, லைப்ரரிக்கு வாங்க" என்று ரேவதி ஆரம்பித்தாள். எந்த விஷயத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையைச் சுவரில் காட்டினாள், சொல்லடைவை எப்படிப் பார்ப்பது என்று சொன்னாள். மல்லிகா எழுந்து, "வைத்தியப் புத்தகம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

ரேவதி பழக்கப்படி அவர் பக்கத்தில் போனாள். "யாருக்குக்கா, என்ன..." என்று வாயெடுத்தாள். அந்த இடத்தில் வீடியோவில் தலைவரின் குரல் கேட்கிறது: "சொல்லிக் குடுக்காதீங்கம்மா, சொல்லாதீங்க, அவங்களே தேடட்டும். வீடியோ ஓடுதுல்ல." ரேவதி வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினாள்.

மல்லிகா தேடினார். எவ்வளவு அழகாகத் தேடினார் தெரியுமா? அட்டவணையில் விரலை ஓட்டினார், எண்ணைப் பிடித்தார், அலமாரிக்குப் போனார், முதுகுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வரிசையில் பளிச்சென்று இருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்தார். நேராகப் பின்பக்கம் திருப்பிச் சொல்லடைவில் 'சர்க்கரை' என்ற சொல்லைக் கண்டுபிடித்துப் பக்கத்தைப் பிரித்தார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். தலை குனிந்து படிக்க ஆரம்பித்தவரை அப்படியே படம் பிடித்தார்கள். நீங்கள் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தப் படம்.

அந்த வருஷத்தின் சிறந்த வாசகி மல்லிகா என்று தலைவர் அன்றைக்கே குழுவில் அறிவித்தார். ஆண்டு விழாவில் பொன்னாடை என்றார். வாரம் திரும்புவதற்குள் பிளெக்ஸ் அடித்து நூலக வாசலில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்த மாதிரி கட்டியாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ரேவதி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசியதால் முதலில் புரியவில்லை. "மேடம், மல்லிகா அக்கா பொண்ணு பெரியாஸ்பத்திரியில இருக்கு. ஊசிய நிப்பாட்டிட்டாங்களாம். நம்ம புத்தகத்தப் பாத்துட்டு நிப்பாட்டிட்டாங்களாம்" என்றாள். நான் புதுக்கோட்டையில்தான் இருந்தேன். உடனே போனேன்.

யாழினிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் என்கிற வகை. அரிசி மில்காரரின் புத்தகம் எந்தச் சர்க்கரை என்று பிரிக்கவில்லை. ஒரு இலையைச் சொல்லி, அதன் சாற்றை ஒரு மண்டலம் குடித்தால் ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று தைரியமாக எழுதியிருந்தது. மல்லிகா நிறுத்திவிட்டார். பிள்ளை வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, கூப்பிட்டால் கண் திறக்காத நிலைமைக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுத் தூக்கிவந்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

வராந்தாவில் சுவரில் சாய்ந்து மல்லிகா உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஊசி குத்திக் குத்தி புள்ளைக்குத் தொடையெல்லாம் கட்டி கட்டியா இருக்கு மேடம். தெனமும் அழுகுது. பள்ளிக்கூடத்துல கேலி பண்றாளுகன்னு டிபனே சாப்புடாம வந்துரும். அதப் பாக்க முடியாமத்தான் தேடுனேன்" என்றார். "டாக்டரு என்னைய வையிறாரு. படிக்காதவ மாதிரி எவன் பேச்சையோ கேட்டு நிப்பாட்டிட்டியேம்மாங்கிறாரு. நான் எவன் பேச்சையும் கேக்கலயே மேடம். இந்த எலைய அரைச்சுக் குடி, அந்த எலைய அரைச்சுக் குடின்னு போனுல எத்தனையோ வந்துச்சு. ஒண்ணையும் நம்பல. நீங்கதான சொன்னீங்க, போன நம்பாதீங்க, லைப்ரரிக்கு வாங்கன்னு. வந்தேன். நம்பரு போட்டு, சீல் வச்சு, அலமாரியில வச்சிருந்தீங்க. அதான் நம்புனேன்."

அதற்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அட்டவணையைப் பார், எண்ணைப் பிடி, சொல்லடைவைப் புரட்டு என்று நாம் சொன்ன அத்தனையையும் அந்தப் பெண் பிழையில்லாமல் செய்திருக்கிறார். பிழை செய்தவர்கள் பொன்னாடையோடு வெளியே இருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். அந்த வராந்தாவில் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அந்த மில்காரரைப் பிடித்து உலுக்க வேண்டும், தலைவரைப் பிடித்து உலுக்க வேண்டும். அதற்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கிறது என்று என்னை நானே அடக்கினேன். அந்தப் புத்தகம் எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. மல்லிகா மாதிரி இன்னும் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது? அவர்கள் வீட்டில் எந்த ஊசி, எந்த மாத்திரை நின்றிருக்கிறது? அதுதான் அவசரம். அங்கேயே நின்று ஒவ்வொரு கிளை நூலகருக்கும் போன் போட்டேன். புத்தகத்தை நோய் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள், வெளியே போயிருந்தால் எடுத்தவரை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள் என்று சொன்னேன்.

பெரும்பாலானவர்கள் பதறிப்போய்ச் செய்தார்கள். அவர்களுக்கு என் வணக்கம். சிலர் என்ன சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள். ஒருவர், "ஆர்டர் ஏதும் வந்திருக்கா மேடம்?" என்றார்.

"ஒங்க வீடு தீப்பிடிச்சா அணைக்கிறதுக்கு ஆர்டர் கேப்பீங்களா?" என்றேன்.

"அதுக்கில்லைங்க, நாளைக்கு ஆடிட்டுல புத்தகம் எடம் மாறியிருக்குன்னு கேட்டா..." என்று இழுத்தார். போனை வைத்துவிட்டேன். அவருக்கு மேலே இருந்தவரைப் பிடித்துப் பேசி அவரைச் செய்யவைத்தேன்.

ஆவூர்ப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்தப் புத்தகத்தை எடுத்திருந்தார். அவர் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே நிறுத்திவைத்து, "என் ஒடம்பப் பத்தி ஒங்களுக்கென்னங்க? ஆபீசுல வேற வேலை இல்லையா?" என்று சத்தம் போட்டார். நான் நகரவில்லை. யாழினியைப் பற்றிச் சொன்னேன். அவர் குரல் இறங்கியது. பாதி மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "இத மொதல்லயே பாத்து வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். பாடம் நடத்திய மனிதர், சரியான இடத்தில் கேட்டார்.

தலைவரிடம் பேசியதையும் சொல்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தி, "நாம நூலகர்ங்க. எந்தப் புத்தகத்தையும் தடை பண்றது நம்ம வேலை இல்ல. படிக்கிறது வாசகரோட உரிமை" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அதே கட்சிதான்.

"தடை பண்ணச் சொல்லலங்க. உள்ளூர்க்காரங்க எழுதுன புத்தகம்னு தனி அலமாரி இருக்கு, அங்க வைங்க. டாக்டர் புத்தகத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்" என்றேன்.

உடனே உரிமை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "விழா முடியட்டும்ங்க. அவருதான் சிறப்பு விருந்தினர். பத்திரிகை அடிச்சாச்சு" என்றார். பெரிய கொள்கை பேசுகிறவர்களை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசவிட்டுக் கேளுங்கள். அடியில் இப்படி ஏதாவது ஒரு விழாப் பத்திரிகை இருக்கும்.

யாழினி பிழைத்துக்கொண்டாள். கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று ரேவதி போனில் சொன்னபோது நான் நடு ரோட்டில் நின்று அழுதேன். சங்கத்துக்கு என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளை பிழைத்துவிட்டது, இனி யாரைக் கைகாட்டுவது என்று.

அதற்காகவே செயற்குழுவைக் கூட்டினார்கள். அதையும் சித்தன்னவாசலில் கூட்டினார்கள், பூங்காவில், குடும்பத்தோடு, பிரியாணியோடு. படம் நன்றாக வருமாம். மரத்தடியில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தலைவர் தீர்மானத்தைப் படித்தார். கிளை நூலகர் ரேவதியின் கவனக்குறைவால் வாசகர் ஒருவர் தவறான நூலைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குச் சங்கம் வருந்துகிறது என்று இருந்தது. ரேவதி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் கை வைக்கவில்லை. யாராவது எதிர்த்துப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். எலும்பு கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

நான் எழுந்து போனில் அந்த வீடியோவைப் போட்டு, முடிந்தவரை சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தேன். "யாருக்குக்கா, என்ன..." என்று ரேவதியின் குரல். "சொல்லாதீங்க, வீடியோ ஓடுதுல்ல" என்று தலைவரின் குரல். "இதுல கவனக்குறைவு யாருதுங்க?" என்று கேட்டேன். திரும்பவும் போட்டேன். "இந்த ரேவதிப் புள்ள ஒரே ஒரு கேள்வி கேக்க வந்துச்சு. கேட்டிருந்தா, எம் மகளுக்குன்னு மல்லிகா சொல்லியிருக்கும். எந்தச் சர்க்கரைன்னு இவ கேட்டிருப்பா. டாக்டரக் கேக்காம ஊசிய நிப்பாட்டாதீங்கக்கான்னு சொல்லியிருப்பா. ஒங்களுக்குப் படம் வேணும்னு அவ வாய அடச்சீங்க. இப்ப அவ தலையிலயே கட்டுறீங்களா?" என்று கத்தினேன். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

தீர்மானம் வாபஸ் ஆனது. ஆனால் ரேவதி இனி வகுப்பு எடுக்க வேண்டாம் என்று வாய்மொழியாக முடிவு செய்தார்கள். சங்கத்தில் உருப்படியாக வகுப்பு எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நிறுத்தினார்கள். எழுத்தில் இல்லாததால் அதை எதிர்த்து என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆண்டு விழா குறித்த நாளில் நடந்தது. மில்காரர் சிறப்புரை ஆற்றினார். மல்லிகாவுக்குப் போட்டிருந்த நாற்காலியில் யாரோ தண்ணீர் பாட்டில் பெட்டியை வைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்த மாதங்களில் வகுப்பை நான் என் இஷ்டத்துக்கு நடத்தினேன். அட்டவணையை ஓரங்கட்டினேன். ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாக எழுதிய இரண்டு புத்தகங்களை மேசையில் வைத்து, எழுதியவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், யாருக்குச் சொல்கிறார் என்று வாசகர்களையே கேட்கச் சொன்னேன். சண்டையும் சத்தமுமாக இருக்கும். "போட்டோவுக்கு ஒண்ணுமே தேறலையே" என்று குழுவில் குறைப்பட்டார்கள். வருஷம் முடிந்ததும் செயலாளரை மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அட்டவணை திரும்பச் சுவருக்கு வந்துவிட்டது. உங்கள் பயிற்சியிலும் அட்டவணைதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

யாழினி வீட்டுக்கு வந்த பிறகு மல்லிகாவைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி கொடுத்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். நூலகத்துக்குத் திரும்ப வாங்க என்று கூப்பிடத்தான் போனேன். அவரே ஆரம்பித்தார்.

"லைப்ரரிக்கு வாரதா இல்லைங்க மேடம். கோச்சுக்காதீங்க. ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. வாசல்ல கட்டியிருக்காங்கள்ல, என் படம். அத எடுத்துருங்க. பஸ்சுக்கு எம் மக தெனமும் அதுக்கு எதுக்கதான் நிக்கிது. நேத்து வந்து கேக்குது, 'ஒங் கையில இருக்குதே, அந்தப் புத்தகந்தானம்மா அது?'ன்னு."

சங்கத்துக்குச் சொல்லியிருந்தால் செயற்குழுவில் வைக்கிறோம் என்றிருப்பார்கள். நான் சொல்லவில்லை. கறம்பக்குடிக் கடைத்தெருவில் பிளேடு வாங்கினேன். பட்டப்பகலில், பஸ்சுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்க, ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன். ரேவதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடலாம், கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. கொட்டகை மேலே கிடந்தாலும் அந்தப் பிள்ளை கண்ணில் படும். துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன். சங்கச் சொத்துக்குச் சேதம் என்று எனக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் சர்வீசில் கிடைத்த ஒரே நல்ல சான்றிதழ் அது.

பிளெக்ஸைத்தான் கிழிக்க முடிந்தது. படம் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. ரேவதியும் இப்போது வேறு கிளையில். கேட்பதற்கு ஆள் இல்லை. நீங்கள் புதிதாக வந்தீர்கள், அழகான படமாக ஒன்று தேடினீர்கள், கிடைத்தது, அடித்து அதே வாசலில் கட்டிவிட்டீர்கள். இது யார் என்று ஒருவர் கேட்டிருந்தால்கூடப் போதும். நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் நீங்கள். கேட்கவில்லை.

இதைப் படித்து முடித்ததும் போய் அந்தப் பிளெக்ஸை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்ப்பதற்கு முன்னால் ஒருமுறை கிட்டே போய் அவர் கையைப் பாருங்கள். புத்தகத்தின் முதுகு உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. நாம் ஒட்டிய சீட்டு தெரியும், எண்ணைக்கூடப் படிக்கலாம்.

யாழினி இப்போது புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். காலையில் பஸ்சுக்கு அந்த வாசலுக்கு எதிரேதான் நிற்கிறாள். அவள் வருவதற்குள் அவிழ்த்துவிடுங்கள்.